இன்னிக்கு நான் கீழே

மலைமேல் அரியூர் நாட்டில் அவரை எல்லோரும் ஏணிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். மிளகு பறிக்கிற ஆட்கள் எல்லோரிடமும் ஏணி உண்டு. நீளமான ஒற்றை மூங்கில். கணுவில் கிளையை ஒட்ட வெட்டாமல் கால் வைக்கிற அளவுக்கு விட்டிருப்பார்கள், அதுதான் படி. இவருடைய மூங்கில் மற்றவர்களுடையதைவிட ஓர் ஆள் உயரம் கூடுதலாக இருக்கும். மிளகு படர நட்ட சில்வர் மரத்தின் உச்சிவரை ஏறிவிட்ட கொடிகளுக்கு அது இல்லாமல் முடியாது. அதை வேறு யாரும் தனியாளாகத் தூக்கி நான் பார்த்ததில்லை. அவர் தோளில் போட்டுக்கொண்டு, சரிவான தடத்தில், பின்னால் வருகிறவனோடு பேசியபடியே இறங்குவார்.

தொண்ணூற்றெட்டா, தொண்ணூற்றொன்பதா என்று சரியாக நினைவில்லை. தை மாதம். நானும் என் மனைவியின் அண்ணனும் சேர்ந்து அங்கே ஒரு மிளகுத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தோம். எங்கள் ஊர் மலையடிவாரத்தில். மரவள்ளியும் நிலக்கடலையும் தெரியும். மிளகு எங்களுக்குப் புதிது. பறிக்க ஆள் வேண்டும் என்று சோளக்காட்டுச் சந்தையில் விசாரித்தபோது எல்லோரும் இவரைத்தான் சொன்னார்கள்.

"வேலை சுத்தமா இருக்குமுங்க. ஆனா ஆளு ஒரு மாதிரி" என்றார் டீக்கடைக்காரர்.

"ஒரு மாதிரின்னா?"

"காலையில போய்ப் பாருங்க, தெரியும்."

காலையில் தெரிந்துவிட்டது. அவருடைய ஆட்கள் மரத்தடியில் நின்றிருந்தார்கள். ஏணியைச் சாய்ப்பதற்கு முன்னால் அவர் ஒவ்வொருவர் எதிரிலும் போய் நின்று, "எப்படி?" என்று கேட்டார். அந்த ஒரு சொல்தான். கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவசரமே இல்லை. பெரும்பாலும் "மேல" என்று பதில் வந்தது. ஒருவன் மட்டும் கொஞ்சம் தயங்கி, "இன்னிக்கு நான் கீழண்ணா" என்றான். "சரி" என்று அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டார்.

கீழே என்று சொன்னவன் அன்றைக்கு மரம் ஏறவில்லை. உதிர்ந்த மிளகுச் சரங்களைப் பொறுக்கினான், காலால் மிதித்து மணியைப் பிரித்தான், மதியத்துக்குக் களி கிண்டினான். கூலி எல்லோருக்கும் கிடைத்ததுதான் அவனுக்கும். ஏன் ஏறவில்லை என்று யாரும் கேட்கவில்லை, கேலியும் செய்யவில்லை. அது அந்தக் குழுவின் வழக்கம்.

சில நாள் கழித்து, எல்லோரையும் கேட்டு முடித்தபிறகு, அவரே மூங்கிலைக் கீழே வைத்தார்.

"இன்னிக்கு நானும் கீழ. எந்திரிச்சதுல இருந்து நெஞ்சுக்குள்ள பயமா இருக்குது. காரணமெல்லாம் தெரியல."

கழுத்து பிடித்துக்கொண்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். சொல்லிவிட்டுச் சாக்கை விரித்து, ஏதோ ஒரு பழைய பாட்டை முனகிக்கொண்டே சரங்களை மிதிக்க ஆரம்பித்தார்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. குடிக்காத ஓர் ஆம்பிளையின் வாயிலிருந்து 'பயமா இருக்கு' என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். என் தம்பி சின்ன வயதில் கிணற்றில் விழுந்து பிழைத்த நாளில்கூட எங்கள் அப்பா, "கொஞ்சம் டென்சனாப் போச்சு" என்று மட்டும்தான் சொன்னார். பிறகு அன்று மாலைவரை மாட்டைக் காரணமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

என் மச்சானுக்கு இந்தக் கீழ் மேல் விவகாரம் பிடிக்கவே இல்லை. சரம் பழுத்துக்கொண்டிருக்கிறது, பறவை தின்கிறது, இவர்கள் மனசு சரியில்லை என்று உட்கார்ந்தால் எப்படி என்று புலம்பினார். ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"ஏப்பா, இதெல்லாம் ஆம்பளைங்க பேசற பேச்சா?"

ஏணிக்காரர் கோபப்படவில்லை. "நீங்க ஒருக்கா ஏறிப் பாருங்களேன். நான் ஏணியப் புடிச்சுக்கறேன்" என்றார்.

மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். தென்னை ஏறிய கால்தான். ஆனால் ஒற்றை மூங்கில் பக்கவாட்டில் உருளும். ஓரளவு உயரம் போனதும் அவர் உடம்பு அப்படியே நின்றுவிட்டது. மேலேயும் போக முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. ஆட்களில் ஒருவன் சிரித்தான். ஏணிக்காரர் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது. பிறகு மேலே பார்த்து, சாவகாசமாகப் பேசினார்.

"எல்லாருக்கும் இப்படித்தாங்க ஆவும். பயமா இருக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. சொன்னாத்தான் கால் நகரும்."

மச்சான் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மூங்கிலைக் கட்டிப்பிடித்தபடி சறுக்கியே வந்து சேர்ந்தார். கை முழுக்கச் சிராய்ப்பு. ஏணிக்காரர் தேங்காயெண்ணெய் எடுத்துத் தடவிவிட்டார். "சொல்லியிருந்தா தோலு போயிருக்காதுங்களே" என்றார் உண்மையான வருத்தத்தோடு.

இதையெல்லாம் வைத்து அவரைச் சாதுவான ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. வேலை பேச வந்த முதல் நாளே கூலி விஷயத்தில் எங்களைத் தண்ணி குடிக்க வைத்தவர். பொங்கலுக்கு மாடு விடுகிறபோது வடத்தைப் பிடிக்க முன்வரிசையில் அவர்தான் நிற்பார். மீசையைத் தினமும் கத்தரிப்பார். தலைமுடிக்கு எண்ணெய் வைத்துச் சீவாமல் தோட்டத்துக்கு வரமாட்டார். மரத்தில் யாருக்குக் காட்டப் போகிறீர்கள் என்று கேட்டால், "கொரங்கு பாக்குமுல்ல" என்பார். ஊசி என்றால் பயம். அதையும் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். தனக்குக் காய்ச்சல் வந்தால் எந்த நர்சம்மாவிடம் காட்டக்கூடாது என்று தன் குழுவுக்கே சொல்லிவைத்திருந்தார்.

ஒரு மதியம் நான் எடை போட்டுக்கொண்டிருந்தபோது என் எதிரில் வந்து நின்றார்.

"நீங்க எப்படிங்க?"

"எனக்கென்னங்க? நல்லாத்தான் இருக்கேன்."

அவர் நின்றுகொண்டே இருந்தார். நான் தராசைப் பார்த்தேன், மூட்டையைப் பார்த்தேன், தூரத்து மேட்டைப் பார்த்தேன்.

"சரிங்க" என்று போய்விட்டார்.

நான் நன்றாக இல்லை. ஐப்பசியிலிருந்தே நன்றாக இல்லை. தூக்கம் கெட்டுப் போயிருந்தது. சோறு மண் மாதிரி இருந்தது. மோட்டார் போடக் கிணற்று மேட்டுக்குப் போவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நின்றிருப்பேன். குழந்தைகள் ஓடிவந்து காலைக் கட்டினால் யாரோ வீட்டுக் குழந்தைகள் மாதிரி இருக்கும். ஒரு காரணம் இருந்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பேன். வெள்ளாமை நல்ல வெள்ளாமை, வீட்டில் சண்டை இல்லை. காரணமில்லாத துக்கத்தை எப்படிச் சொல்வது? மலைக்கு வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் அந்தக் குத்தகைக்கே சம்மதித்தேன். சரியாகவில்லை.

அந்தக் குழுவில் வெள்ளையன் என்று ஒருவன் இருந்தான். இருபத்தைந்து வயதுக்காரன், கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. ஏணிக்காரருக்கு அடுத்தபடியாக உச்சிக்கு ஏறுகிறவன் அவன்தான். ஒருநாளும் 'கீழ' என்று சொன்னதில்லை. மாசி மாதம் ஒரு காலையில் வழக்கம்போல ஏணிக்காரர் கேட்டுக்கொண்டே வந்தார். வெள்ளையன் எதிரில் நின்றார்.

"எப்படி?"

"மேலதாண்ணா. இன்னிக்கு ரொம்ப நல்லா இருக்குது" என்று வெள்ளையன் சிரித்தான். துவைத்த சட்டை போட்டிருந்தான்.

ஏணிக்காரர் வழக்கத்தைவிட அதிக நேரம் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த மூங்கிலைத் தரையில் கிடத்தி அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னிக்கு யாரும் ஏற வேண்டாம்."

மச்சான் பாய்ந்து வந்தார். "என்னய்யா, வேலைக்கு வந்தீங்களா, விளையாட வந்தீங்களா?"

"மச்சான், கொஞ்சம் பேசாம இருங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் முறைத்துவிட்டு மண்சாலைப் பக்கம் போய்விட்டார்.

ஏணிக்காரர் தன் பக்கத்தில் மூங்கிலைத் தட்டிக் காட்டினார். வெள்ளையன் உட்காரவில்லை, நின்றான்.

"ரேடியோவ உங்கக்கா மகனுக்குக் குடுத்துட்ட. ஆட்டக் கொண்டுபோயித் தம்பி ஊட்டுல கட்டிட்ட. நேத்து சாயங்காலம் இதா நிக்கறானே, இவங்கிட்ட உன் கத்தியக் குடுத்து, இனி நீயே வெச்சுக்கன்னு சொன்னயாமா."

"பழசாப் போச்சுண்ணா."

"வெள்ளையா, செத்துப் போயிரலாம்னு இருக்கயா?"

ஒருவரை எதிரில் நிற்கவைத்து இப்படிக் கேட்பார்கள் என்று நான் கற்பனைகூடச் செய்ததில்லை. மற்ற ஆட்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளையன் சிரிக்கப் பார்த்தான். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"ஆமாண்ணா" என்றான்.

அப்புறம் அவன் மூங்கிலில் உட்கார்ந்து அழுதான். ஏணிக்காரர் அழாதே என்று சொல்லவில்லை. முதுகில் தட்டவில்லை. அவன் பக்கத்தில் தோள் படும்படி உட்கார்ந்திருந்தார். விட்டுவிட்டுப் பேசினான். பாரமாக இருக்கிறது, தான் இல்லாவிட்டால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள் என்று தோன்றுகிறது, குழந்தையைத் தூக்கக்கூடக் கை வரவில்லை என்றான். நான் நான்கடி தள்ளி நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். பாதிக்குமேல் எனக்குப் பழக்கமான சொற்களாக இருந்தன.

அவன் முடித்தபிறகு ஏணிக்காரர் சொன்னார்: "எங்கண்ணன் பலா மரத்துல இருந்து வழுக்கி உழுந்து செத்தான்னு உங்களுக்கெல்லாம் தெரியும். அவன் வழுக்கல. நான் கீழதான் நின்னேன், பாத்தேன். அன்னிக்குக் காலையில ஒரே வட்டல்ல களி தின்னோம். மொகம் ஒரு மாதிரி இருந்துச்சு. எப்படிடா இருக்கறன்னு நான் கேக்கல. அவன் எனக்கு மூத்தவன், பெரிய பலசாலி, அவனப்போயி என்ன கேக்கறதுன்னு உட்டுட்டேன்."

அந்தக் குழுவில் இருந்தவர்களுக்கே அது புதுச் செய்தி. அவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சேலத்துல மனசுக்குப் பாக்கற டாக்டரு இருப்பாங்கல்லங்க? எங்களுக்கு வழி தெரியாது. நீங்க வாரீங்களா?"

அன்றைக்கே மூவரும் பஸ் ஏறினோம். வெள்ளையனை நடுவில் உட்கார வைத்தோம். அத்தனை உயர மரத்தில் ஒற்றைக் காலில் நிற்கிற மனிதர், கொண்டை ஊசி வளைவு வந்ததும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கண்டக்டரு, மெதுவாப் போகச் சொல்லுங்க, எனக்கு வயித்தக் கலக்குது" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி கத்தினார். பின்சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் திரும்பி, "உங்களுக்குக் கலக்கலீங்களா?" என்று அக்கறையோடு கேட்டார்.

சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் ஓர் அம்மாள். வெளியே பெஞ்சில் நிறைய பேர். வெள்ளையனை முதலில் கூப்பிட்டார்கள். ஏணிக்காரர் உள்ளே அழைத்துப் போய்விட்டுக் கொஞ்ச நேரத்தில் அவர் மட்டும் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்றான். நல்லாச் சொல்றான்" என்றார். "ஊசி இல்லையாமுங்க."

அடுத்ததாக என் பெயரைக் கூப்பிட்டார்கள். வேறு யாரோ என்று நான் அசையவில்லை. இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள்.

"நான்தான் பேரு குடுத்தேன்" என்றார் ஏணிக்காரர். "எனக்கும் குடுத்திருக்கேன். இவ்வளவு தூரம் வந்துட்டோம், மூணு பேரும் பாத்துட்டே போலாமுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லீங்களே."

"எடை போட்ட மூட்டையவே மறுபடி போடறீங்க. கட்டுச்சோத்தப் பிரிச்சுப் பாத்துட்டு அப்படியே கட்டி வெச்சர்றீங்க. ஆளுக பேசுனா வாயப் பாக்கறீங்க, காதுல உழுகறதில்ல." அவர் குரலைத் தாழ்த்தவே இல்லை, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். "ஒண்ணுமில்லைன்னாச் சரி. அவங்ககிட்டயே போயி ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டு வந்துருங்க."

நான் எழுந்து உள்ளே போனேன். ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் போனேன். அந்த அம்மாள், "உட்காருங்க, எப்படி இருக்கீங்க?" என்றார். ஐப்பசியிலிருந்து தேக்கி வைத்தது அத்தனையும் வந்துவிட்டது. அவர் குறித்துக்கொண்டே கேட்டார். இதற்குப் பெயர் மனச்சோர்வு, நிறைய பேருக்கு வருவது, காரணம் இருந்துதான் வரவேண்டும் என்பதில்லை, மருந்து வேலை செய்யச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக்கூடாது என்றார். காரணம் இருக்கவேண்டியதில்லை என்று அவர் சொன்னதில்தான் எனக்குப் பாதி மூச்சு திரும்பியது.

கடைசியாக ஏணிக்காரர் போனார். தன் பயத்தையும், அண்ணனையும், கீழே மேலே வழக்கத்தையும் சொல்லியிருக்கிறார். டாக்டர் கேட்டுவிட்டு, உங்களுக்கு இப்போதைக்கு மருந்து வேண்டாம், செய்வதைச் செய்துகொண்டிருங்கள், பயம் அதிகமானால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்தவர் முகம் சுண்டியிருந்தது.

"எனக்கு ஒரு மாத்திரகூட எழுதலீங்க" என்றார், பந்தியில் தனக்கு மட்டும் இலை போடாமல் விட்டதுபோல.

வெள்ளையனைச் சில நாள் அங்கேயே வைத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். மறுநாள் நான் போய் அவன் மனைவியை அழைத்துவந்தேன். அவள் வந்து சேரும்வரை ஏணிக்காரர் அவன் கட்டிலை விட்டு நகரவில்லை.

மலையில் செய்தி எப்படிப் பரவும் என்று சொல்லவேண்டியதில்லை. அடுத்த சந்தையில் டீக்கடை முன்னால் ஒருவர், எல்லோரும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"என்ன ஏணிக்காரரே, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தீங்களாமே?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நானும் போனவன்தானே. ஏணிக்காரர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆமாங்க, போனோம். நல்ல டாக்டரு. பொறுமையாக் கேக்கறாங்க. அட்ரசு வேணுமுங்களா?" என்றார்.

கேட்டவர் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் சந்தை கலைகிற நேரத்தில் பாத்திரக் கடை ஓரமாக ஒருவர், கூட்டம் இல்லாததைப் பார்த்துக்கொண்டு ஏணிக்காரரிடம் ஏதோ கேட்பதைக் கண்டேன். இவர் கையை நீட்டி, சேலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளையன் பங்குனியில் ஊர் திரும்பினான். அந்த வருடம் அவன் ஏறவில்லை. அடுத்த தையில் ஏறினான். சில காலைகளில் 'கீழ' என்றும் சொன்னான். இப்போது அந்தப் பெண் குழந்தைக்குக் கல்யாணமாகிவிட்டது; பத்திரிகை வைக்க அவனும் மனைவியும் சேர்ந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

எனக்கு மருந்து பிடித்துக்கொண்டது. சித்திரையில் ஒருநாள் மாங்காய் ஊறுகாய் ருசித்தது. அது நினைவிருக்கிறது. ஆனால் வீட்டில் சொல்லவில்லை. மாத்திரையை மோட்டார் ரூமில், பழைய சாக்குக்கு அடியில் வைத்திருந்தேன். மாதம் ஒருமுறை உரம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிச் சேலம் போய் வந்தேன்.

ஆனி மாதம் ஒரு மதியம் ஏணிக்காரர் தோளில் பெரிய பலாப்பழத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். என் மனைவிக்கு அவரைத் தெரியாது. மலையிலிருந்து வந்திருக்கிறார் என்றதும் இலை போட்டுவிட்டாள். கை கழுவும்போது என்னிடம் மெல்லக் கேட்டார்.

"ஊட்டுல சொல்லிட்டீங்களா?"

"இல்லீங்க. பயந்துருவா."

அவர் துண்டில் கையைத் துடைத்தார். வந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். சோற்றைப் பிசைந்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பிசைந்தார். அந்தப் பார்வையின் முன்னால் நின்ற ஆட்கள் எப்படி உண்மையைச் சொன்னார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அது மிரட்டுகிற பார்வை இல்லை. எவ்வளவு நேரமானாலும் இருப்பேன் என்கிற பார்வை.

"சேலத்துக்கு நான் உரம் வாங்கப் போகல" என்றேன்.

என் மனைவி கரண்டியோடு நின்றாள்.

"டாக்டர்கிட்டப் போயிட்டு வாரேன். மனசுக்கு. மாத்திரை சாப்படறேன். இப்ப பரவால்ல."

"எத்தன நாளா?"

"மாத்திரை மாசியில இருந்து. சரியில்லாமப் போனது ஐப்பசியில."

அவள் பயப்படவில்லை. முகம் சிவந்தது.

"ஐப்பசியில இருந்து எங்கூட ஒரு வார்த்தை மொகம் பாத்துப் பேசல நீங்க. எம்மேல என்ன வெறுப்போ, நான் என்ன பண்ணிட்டேனோன்னு நெனைக்காத நாளில்ல. வேற எவளாச்சும் இருக்காளான்னு எங்கண்ணன்கிட்டக் கூடக் கேட்டேன். வெக்கத்த உட்டுக் கேட்டேன்." குரல் உடைந்தது. "இதச் சொல்றதுக்கு உங்களுக்கு இத்தன மாசமா?"

ஏணிக்காரர் எழப் பார்த்தார்.

"நீங்க உக்காந்து சாப்புடுங்க" என்றாள் அதட்டலாக. அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவருக்கு ரசம் ஊற்றினாள், பிறகு எனக்கும் ஊற்றினாள். "மாத்திரை எங்க?" என்றாள். சொன்னேன். நேராக மோட்டார் ரூமுக்குப் போய் எடுத்துவந்து, அடுப்படியில் குழந்தைகளின் இருமல் மருந்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அடுத்த தடவ நானும் வாரேன்" என்றாள்.

மாலை பஸ்ஸுக்கு அவரை ஏற்றிவிடப் போனேன். ரோட்டோரம் நின்றிருந்தபோது ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பஸ் வந்தது. படியில் கால் வைத்துத் திரும்பி, "உங்கூட்டு ரசம் அருமைங்க" என்றார். போய்விட்டார்.

ஆடியில் நாங்கள் இருவரும் சேலம் போனோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டிக்கெட் எடுத்து முடித்ததும், ஐப்பசியிலிருந்து சொல்லுங்கள் என்றாள். நான் கிணற்று மேட்டிலிருந்து ஆரம்பித்தேன். அவள் நடுநடுவே நிறுத்தி, அன்றைக்குத் தனக்கு என்ன தோன்றியது என்று சொன்னாள். ராசிபுரம் தாண்டும்போது நாங்கள் கார்த்திகையைக்கூட முடித்திருக்கவில்லை.